கர்ப்பத்தில் ரத்த அழுத்தம் ஏறி இறங்கும்போது எந்த அளவை நம்புவது?

உங்கள் கேள்வியில் நான்கைந்து கேள்விகள் கலந்திருக்கின்றன. முதல் கர்ப்பம், 32 வாரம். பத்து நாட்களாக வீட்டுக் கருவியில் காலையில் 126/80 என்றும் மாலையில் 146/94 என்றும் வருகிறது. பரிசோதனைக்குப் போன இடத்தில் 150/96. வீட்டுக்கு வந்து அளந்தால் 130/84. சிறுநீரில் புரதம் ஒரு பிளஸ். மருத்துவர் அழுத்தத்தைக் குறைக்கும் லேபெட்டலால் மாத்திரையை இரண்டு வேளைக்கு எழுதிக் கொடுத்து, ரத்தப் பரிசோதனைக்கு அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கிறார். காலையில் சரியாக இருக்கும் நாட்களில் மாத்திரையை விட்டுவிடலாமா, கருவி கெட்டுவிட்டதா, இதுதான் ப்ரீ-எக்லாம்ப்சியாவா என்று கேட்டிருக்கிறீர்கள். எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான்: குறைந்த எண் என்னுடையதா, கூடிய எண் என்னுடையதா? இரண்டும் உங்களுடையவையே. ஆனால் முடிவெடுக்க வேண்டியது கூடிய எண்ணை வைத்து. மாத்திரையை நிறுத்தாதீர்கள். ரத்தப் பரிசோதனைக்கு அடுத்த வாரம் வரை பொறுக்காமல் நாளைக் காலையே போய்விடுங்கள். காரணங்களைச் சொல்கிறேன்.

மகப்பேறு மருத்துவராக 22 ஆண்டுகள் வேலை பார்த்திருக்கிறேன். அதில் பெரும்பகுதி அரசு மருத்துவமனைப் பிரசவ வார்டில் கழிந்தது. உங்களை நான் நேரில் பார்க்கவில்லை, வயிற்றைத் தொட்டுப் பார்க்கவில்லை, ஸ்கேன் அறிக்கையைப் படிக்கவில்லை. ஆகவே மாத்திரையின் அளவைக் கூட்டு, குறை என்று இங்கிருந்து சொல்ல மாட்டேன். அது உங்களைப் பார்க்கும் மருத்துவரின் வேலை.

முதலில் உறுதியாகத் தெரிந்தவை. கர்ப்பத்தின் 20 வாரத்துக்குப் பிறகு, மேல் அளவு 140 அல்லது கீழ் அளவு 90, இவற்றில் ஒன்றைத் தொட்டாலும் அது உயர் ரத்த அழுத்தம்தான். குறைந்தது நான்கு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை அப்படி வந்தால் போதும். இடையில் எத்தனை முறை 126 வந்தது என்ற கணக்கு இதில் கிடையாது. அதோடு சிறுநீரில் புரதம் சேர்ந்தாலோ, புரதமே இல்லாமல் ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் ஒரு லட்சத்துக்குக் கீழே இறங்கினாலோ, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் 1.1-ஐத் தாண்டினாலோ, கல்லீரல் நொதிகள் இரண்டு மடங்கானாலோ, விடாத தலைவலியோ பார்வைக் கோளாறோ புதிதாக வந்தாலோ, அது முன்சூல்வலிப்பு என்று தமிழில் நாம் எழுதும் ப்ரீ-எக்லாம்ப்சியா. 160/110 என்ற எல்லையைத் தொட்டால் அது தீவிர நிலை; நிமிடக் கணக்கில் மருந்து கொடுக்க வேண்டிய அவசரம். உங்கள் எண்கள் முதல் எல்லையைத் தாண்டிவிட்டன. 'ஒரு பிளஸ்' என்பது மட்டும் சந்தேகத்துக்குரியது. குச்சியை நனைத்து நிறம் பார்க்கும் அந்தச் சோதனை, தண்ணீர் குறைவாகக் குடித்த நாளிலும் வெள்ளைப்படுதல் கலந்தாலும் தவறாகக் காட்டும். சிறுநீரில் புரதத்துக்கும் கிரியாட்டினினுக்கும் உள்ள விகிதத்தைக் கேளுங்கள். 0.3 அல்லது அதற்கு மேல் இருந்தால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

இனி, அளவு ஏன் இப்படி ஏறி இறங்குகிறது? ஒரு பகுதி இயல்பு. யாருக்குமே நாள் முழுவதும் ஒரே அழுத்தம் இருப்பதில்லை. மாடிப்படி ஏறினாலும், சிறுநீரை அடக்கிக்கொண்டு வரிசையில் உட்கார்ந்திருந்தாலும், கோபப்பட்டாலும் ஏறும். மருத்துவமனையில் மட்டும் ஏறுகிறவர்களும் உண்டு. இன்னொரு பகுதி அளக்கும் முறையில் வரும் பிழை. பட்டை கைக்குச் சிறியதாக இருந்தால் அளவு கூடுதலாகக் காட்டும். கால் மேல் கால் போட்டிருந்தால் கூடும். கை மடியில் தொங்கிக்கொண்டிருந்தாலும் கூடும். நம் ஊரில் அன்றாடம் நான் பார்க்கும் ஒன்று: இறுக்கமான ஜாக்கெட் கையை மேலே சுருட்டிவிட்டு அதற்குக் கீழே பட்டையைச் சுற்றுவார்கள். சுருட்டிய துணி கயிறு கட்டியதுபோல் கையைப் பிடித்திருக்கும். அந்த எண்ணை நம்ப முடியாது. வீட்டில் அளக்கும்போது தளர்வான நைட்டி போட்டுக்கொள்ளுங்கள். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பட, ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். கையை மேசை மேல் நெஞ்சு உயரத்தில் வையுங்கள். ஒரு நிமிடம் விட்டு இரண்டு முறை அளந்து, இரண்டையும் எழுதுங்கள். பிடித்த எண்ணை மட்டும் எழுதாதீர்கள்.

பிழை கூடுதலாக மட்டும் வராது, குறைவாகவும் வரும். அதுதான் ஆபத்தானது. இதை நான் பாடப்புத்தகத்தில் படித்தேன், ஆனால் கற்றுக்கொண்டது வேறு விதத்தில். பயிற்சி முடித்து இரண்டாம் ஆண்டு. 33 வாரக் கர்ப்பிணி ஒருவர் புறநோயாளிப் பிரிவுக்கு வந்தார். செவிலியர் உட்கார வைத்து அளந்து 144/92 என்று அட்டையில் எழுதி வட்டமிட்டிருந்தார். வெளியே நீண்ட வரிசை. நான் அந்தப் பெண்ணைக் கட்டிலில் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி, மேலே இருந்த வலது கையில் அளந்தேன். 128/82. வட்டத்தை அடித்துவிட்டு என் எண்ணை நீல மையில் எழுதி அனுப்பிவிட்டேன். ஒருக்களித்துப் படுக்கும்போது மேல் கை இதயத்தைவிட உயரத்தில் இருக்கும். அதனாலேயே எண் குறையும். நான் அளந்தது கையின் உயரத்தை. எட்டு நாள் கழித்து இரவு அதே பெண்ணை ஆட்டோவில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நெஞ்சுக்குழியில் வலி என்று இரண்டு நாளாக ஓமத் தண்ணீரும் வாயு மாத்திரையும் கொடுத்திருக்கிறார்கள். அழுத்தம் 170/116, தட்டணு 62 ஆயிரம். ஸ்ட்ரெச்சரில் இருந்து கட்டிலுக்கு மாற்றும்போதே வலிப்பு வந்துவிட்டது. தாயும் பிழைத்தார், 1.4 கிலோ எடையோடு பிறந்த பிள்ளையும் பிழைத்தது. அந்த அட்டையில் என் கையெழுத்தின் கீழே இருந்த எண்ணை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. அன்றிலிருந்து என் வார்டில் ஒரு விதி உண்டு: மறுபடி அளந்து குறைவாக வந்தாலும் முதல் எண்ணை யாரும் அடிக்கக் கூடாது. அதன் பக்கத்தில் எழுத வேண்டும்.

மூன்றாவது காரணம் நோயே. ப்ரீ-எக்லாம்ப்சியாவின் வேர் நஞ்சுக்கொடியில் இருக்கிறது. கருப்பையின் சிறிய ரத்தக்குழாய்கள் கர்ப்பத்தின் முதல் பாதியில் அகன்று, தளர்ந்து, நஞ்சுக்கொடிக்கு ரத்தத்தைத் தாராளமாக விட வேண்டும். சிலருக்கு அவை குறுகலாகவே நின்றுவிடுகின்றன. ரத்தம் போதாத நஞ்சுக்கொடி சில புரதங்களைத் தாயின் ரத்தத்தில் அதிகமாகக் கலந்துவிடுகிறது. அவை உடல் முழுவதும் ரத்தக்குழாய்களின் உட்சுவரைப் பாதிக்கின்றன. அதனால்தான் சிறுநீரகம், கல்லீரல், மூளை, கண் என்று இது எங்கு வேண்டுமானாலும் வெளிப்படுகிறது. பாதிக்கப்பட்ட குழாய்கள் சிறு தூண்டலுக்கும் சட்டென்று சுருங்கும், பிறகு விடும். எண் துள்ளுவது இதனால்தான். இரவில் இயல்பாகக் குறைய வேண்டிய அழுத்தம் நோய் முற்றும்போது குறையாமல் நிற்கும், சிலருக்கு இரவில்தான் கூடும். ஆகவே காலை 126 வந்தது என்பது நோய் போய்விட்டதற்கான சான்றாகாது. நஞ்சுக்கொடி காலையிலும் அதே நஞ்சுக்கொடிதான்.

நான்காவது காரணம் எளிமையானது, நீங்களே சரிசெய்யக் கூடியது: மாத்திரையின் நேரம். லேபெட்டலாலின் வேகம் எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரத்தில் தணிந்துவிடும். காலை ஏழு மணிக்கு ஒன்று, இரவு பத்து மணிக்கு ஒன்று என்றால் மாலை ஐந்து, ஆறு மணிக்கு அதன் பலம் வடிந்திருக்கும். உங்கள் 146 எல்லாம் மாலையில் வருவதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். அளந்த நேரத்தோடு மாத்திரை சாப்பிட்ட நேரத்தையும் எழுதிக் காட்டுங்கள். மூன்று வேளையாகப் பிரிப்பதா, அளவைக் கூட்டுவதா, நிஃபெடிபின் என்ற இன்னொரு அழுத்த மருந்தைச் சேர்ப்பதா என்று உங்கள் மருத்துவர் முடிவெடுக்க அந்த ஒரு பக்கம் போதும். உங்களுக்கு ஆஸ்துமா இருந்தால் லேபெட்டலால் ஆகாது. இதுவரை சொல்லாமல் இருந்தால் இன்றே சொல்லுங்கள். வீட்டில் பெரியவர்கள் சாப்பிடும் பிரஷர் மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொள்ளவே கூடாது. எனாலப்ரில், டெல்மிசார்டன் வகை மருந்துகள் குழந்தையின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். மாத்திரை குழந்தைக்கு ஆகாது என்று நீங்கள் பயப்படுவது புரிகிறது. லேபெட்டலால், நிஃபெடிபின், மெத்தில்டோபா மூன்றும் கர்ப்பத்தில் பல ஆண்டுகளாகக் கொடுக்கப்படுபவை. தீவிர அழுத்தத்தோடு வந்த கர்ப்பிணிகளுக்கு இம்மூன்றையும் வாய்வழியாகக் கொடுத்து நாக்பூரின் அரசு மருத்துவமனைகளில் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு 2019-இல் வெளியானது. மூன்றுமே பெரும்பாலானவர்களுக்கு அழுத்தத்தைக் கட்டுக்குள் கொண்டுவந்தன.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இந்த மாத்திரைகள் எண்ணைக் குறைக்கும், மூளையில் ரத்தக் கசிவு வராமல் காக்கும். நோயை நிறுத்தாது. அழுத்தம் 130-இல் அடங்கியிருக்கும்போதே தட்டணு இறங்கிக்கொண்டிருக்கலாம். நாளையே ரத்தம் கொடுக்கச் சொன்னது இதற்காகத்தான். தட்டணு, கிரியாட்டினின், கல்லீரல் நொதிகளான எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. ஆகியவற்றோடு குழந்தையின் வளர்ச்சிக்கும் ரத்த ஓட்டத்துக்கும் ஒரு டாப்ளர் ஸ்கேன் வேண்டும். இன்று இவை எல்லாம் சரியாக வந்தாலும் அது இன்றைய நிலவரம் மட்டுமே. சில நாட்களில் மறுபடி பார்க்க வேண்டும்.

எண்ணைப் பார்க்காமலே ஓட வேண்டிய அறிகுறிகளும் உண்டு. மாத்திரை போட்டும் விடாத தலைவலி. கண் முன்னால் பூச்சி பறப்பதுபோல், மின்னல் வெட்டுவதுபோல் தெரிவது. எக்லாம்ப்சியா என்ற கிரேக்கச் சொல்லுக்கே பளிச்சென்று வெட்டும் ஒளி என்றுதான் பொருள். நெஞ்சுக்குழியிலோ வலது விலா எலும்புக்குக் கீழோ வலி. திடீரென்று முகமும் கையும் வீங்கி மோதிரம் கழற்ற முடியாமல் போவது. படுத்தால் மூச்சுத் திணறல், சிறுநீர் குறைவது, குழந்தையின் அசைவு குறைவது. இவற்றில் நெஞ்சுக்குழி வலிதான் என்னை மிகவும் பயமுறுத்துவது, ஏனென்றால் அதற்கு ஒவ்வொரு வீட்டிலும் வாயு என்று ஒரு பெயர் தயாராக இருக்கிறது. பிரஷர் இருக்கும், ஏழு மாதம் தாண்டிய கர்ப்பிணிக்கு அந்த இடத்தில் வலி வந்தால், ரத்தப் பரிசோதனை பார்க்கும்வரை அது கல்லீரல் வலி என்றே வைத்துக்கொள்ள வேண்டும். இரவு இரண்டு மணியாக இருந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். அறுவை சிகிச்சையும் ரத்த வங்கியும் உள்ள சீமாங் மையத்துக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள்.

அங்கே போனால் வலிப்பு வராமல் தடுக்க மெக்னீசியம் சல்பேட் ஊசி போடுவார்கள். இதைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன், ஏனென்றால் அந்த நேரத்தில் விளக்க யாருக்கும் அவகாசம் இருக்காது. நரம்பில் ஏறும்போது உடம்பெல்லாம் தீயாகக் காந்தும், முகம் சிவக்கும். இடுப்பில் போடுவது கடுமையாக வலிக்கும். செவிலியர் அடிக்கடி வந்து முழங்காலில் சிறு சுத்தியலால் தட்டிப் பார்ப்பார், மூச்சை எண்ணுவார், சிறுநீரை அளப்பார். மருந்து அளவு மீறவில்லை என்று உறுதிசெய்வதற்காக. எங்கள் ஆசிரியர்களின் ஆசிரியரான டாக்டர் எம். கே. கிருஷ்ண மேனன் சென்னை எழும்பூர் மருத்துவமனையில் வலிப்பு வந்த தாய்மாருக்கு மூன்று மருந்துகளைக் கலந்து மயக்கத்தில் வைத்துக் காப்பாற்றும் முறையை உருவாக்கி 1961-இல் வெளியிட்டார். அக்காலத்தில் அது பெரிய முன்னேற்றம். பிறகு 1995-இல் பல நாடுகளில் நடந்த ஆய்வு, மற்ற வலிப்பு மருந்துகளைவிட மெக்னீசியமே மேல் என்று காட்டியது. 2002-இல் 33 நாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த மாக்பை ஆய்வு, வலிப்பு வருவதற்கு முன்பே கொடுத்தால் அதன் வாய்ப்பு பாதிக்கும் கீழே குறைகிறது என்று நிறுவியது. பிரசவ மருத்துவத்தில் இவ்வளவு மலிவாக இவ்வளவு உயிரைக் காத்த மருந்து எனக்குத் தெரிந்து வேறில்லை. வேண்டாம் என்று மறுக்காதீர்கள்.

எப்போது பிரசவம் என்பதில் மருத்துவர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. தாயும் குழந்தையும் நிலையாக இருந்தால் 37 வாரம் வரை கண்காணிப்போடு காத்திருக்கலாம்; அதைத் தாண்ட விடுவதில்லை. தீவிர நிலைக்குப் போய்விட்டால் 34 வாரத்தோடு நிறுத்திக்கொள்கிறோம். உயிருக்கு ஆபத்து என்றால் வாரமே பார்ப்பதில்லை. உங்களுக்கு முன்கூட்டியே பிரசவம் ஆகும் என்று தோன்றினால், குழந்தையின் நுரையீரல் பக்குவப்பட ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். சிசேரியன்தான் ஆக வேண்டும் என்று சட்டமில்லை. வலி வரவழைத்துச் சுகப்பிரசவம் ஆனவர்கள் ஏராளம்.

எந்த நாளில் உங்கள் நிலை திரும்பும் என்பதை மட்டும் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. லேசாகவே இருந்து 37 வாரத்தில் நல்லபடியாகப் பெற்றெடுத்தவர்களும் உண்டு, இரண்டே நாளில் முற்றியவர்களும் உண்டு. நஞ்சுக்கொடிப் புரதங்களின் விகிதத்தைப் பார்க்கும் ரத்தப் பரிசோதனை ஒன்று பெரிய நகரங்களில் கிடைக்கிறது. அது குறைவாக வந்தால் அடுத்த ஒரு வாரத்துக்கு ஓரளவு நிம்மதி, அவ்வளவே. வீட்டில் அளப்பதும் அப்படித்தான். இங்கிலாந்தில் நடந்து 2022-இல் வெளியான பெரிய ஆய்வில், வீட்டில் அளந்த பெண்களுக்கு நோய் முன்னதாகக் கண்டுபிடிக்கப்படவில்லை. இருந்தும் உங்களை அளக்கச் சொல்கிறேன். மருத்துவமனைக்கு வாரம் ஒருமுறை மட்டும் வர முடிகிற இடத்தில் அந்த நோட்டு எனக்குப் பலமுறை உதவியிருக்கிறது. வீட்டுக் கருவியில் 135/85-ஐயே எல்லையாக வையுங்கள். ப்ரீ-எக்லாம்ப்சியாவில் சில டிஜிட்டல் கருவிகள் குறைத்துக் காட்டும் என்பதால், ஒருமுறை உங்கள் கருவியை எடுத்துப்போய் மருத்துவமனைக் கருவியோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

மாமியார் உப்பை அடியோடு நிறுத்தச் சொல்வதாக எழுதியிருந்தீர்கள். அக்கறையில் சொல்கிறார், ஆனால் இந்த நோய்க்கு அது பயன்படாது. ஊறுகாய், அப்பளம், கருவாடு அளவோடு இருக்கட்டும். சோற்றில் வழக்கமான உப்பு போட்டுக்கொள்ளுங்கள். நாள் முழுக்கப் படுத்தே இருப்பதும் வேண்டாம், காலில் ரத்தம் உறையும். மதியம் இடப்பக்கம் ஒரு மணி நேரம் படுங்கள், வீட்டுக்குள் நடமாடுங்கள். கால்சியம் மாத்திரையை விடாதீர்கள். உணவில் கால்சியம் குறைந்தவர்களுக்கு அது இந்த நோயின் வாய்ப்பைக் குறைக்கிறது. இரும்புச் சத்து மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிடாமல் சில மணி நேரம் விட்டுச் சாப்பிடுங்கள். ஆஸ்பிரின் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது 16 வாரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன். இப்போது நீங்களாகத் தொடங்காதீர்கள். அடுத்த கர்ப்பத்தில், முதல் மூன்று மாதத்திலேயே, இதைச் சொல்லிக் கேட்க வேண்டும். ஏறத்தாழ ஆறில் ஒருவருக்கு இது மறுபடி வருகிறது.

கடைசியாக, நஞ்சு விழுந்ததும் எல்லாம் முடிந்துவிட்டது என்று வீட்டில் நினைப்பார்கள். அழுத்தம் பிரசவத்துக்குப் பிறகு மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாள் வரைதான் உச்சத்துக்குப் போகும். சரியாக அந்த நாட்களில்தான் வீட்டுக்கு அனுப்புகிறோம், பிள்ளையைப் பார்க்க உறவினர்கள் வருகிறார்கள், தாயின் தலைவலியை 'தூக்கமில்லை, அதனால்தான்' என்று சொல்லிவிடுகிறார்கள். பிரசவத்துக்குப் பிறகு வலிப்பு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். கருவியை எடுத்து உள்ளே வைத்துவிடாதீர்கள். குறைந்தது பத்து நாள் தினமும் இரண்டு வேளை அளந்து அதே நோட்டில் எழுதுங்கள். மாத்திரையை மருத்துவர் சொன்னால் ஒழிய நிறுத்தாதீர்கள். தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடலாம். ஆறு வாரம் கழித்து ஒருமுறை, அதன் பிறகு ஆண்டுக்கு ஒருமுறை அளந்துகொள்ளுங்கள், ஏனென்றால் பிற்காலத்தில் உயர் ரத்த அழுத்தமும் இதய நோயும் வரும் வாய்ப்பு உங்களுக்கு மற்றவர்களைவிடக் கூடுதல்.

நாளை போகும்போது தாய் சேய் நல அட்டை, பத்து நாள் எண்கள் எழுதிய தாள், கருவி, மாத்திரை அட்டை நான்கையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். கூட யாராவது வரட்டும். அறிக்கை வந்ததும் எண்களை இங்கே எழுதுங்கள், படித்துவிட்டுப் பதில் சொல்கிறேன். தலைவலியோ நெஞ்சுக்குழி வலியோ வந்தால் மட்டும் எனக்கு எழுதிவிட்டுக் காத்திருக்காதீர்கள். நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.